அமெரிக்காவில் வாங்கிய டிவிடி நம் ஊர் பிளேயரில் ஓட மறுப்பது ஏன்?

அரூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டம் அரூரில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அங்குள்ள நூலகங்கள் பழைய வட்டுகளைக் கழித்து விற்கும்போது எனக்குப் பிடித்தவற்றைப் பார்த்து வாங்கி, ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்றாகக் கொண்டு வந்து கொடுப்பாள். அப்படிச் சேர்ந்த பதினான்கு டிவிடிகள், பெரும்பாலும் மேடை நாடகப் பதிவுகளும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும், அலமாரியில் இருக்கின்றன. போட்டுப் பார்க்கக் கருவி இல்லாததால், சென்ற மாதம் தருமபுரிக்குச் சென்று, ஒரு கடையில் விற்காமல் தங்கிவிட்ட புதிய டிவிடி பிளேயர் ஒன்றை வாங்கி வந்தேன்.

இப்போது அந்தக் கருவி ஒவ்வொரு வட்டிடமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. மகள் கொண்டு வந்தவற்றில் எதைப் போட்டாலும், மண்டலம் தவறானது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு திரையில் தோன்றி அத்துடன் நின்றுவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து என் நாத்தனார் அனுப்பிய தமிழ்ப் பட வட்டுகள் இரண்டும் ஓடுகின்றன. ஆனால் கூடத்தில் உள்ள பழைய பெட்டித் தொலைக்காட்சியில் படம் நிறமில்லாமல், கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருக்கிறது. தருமபுரியிலேயே வாங்கிய வட்டுகளும், தம்பி மகனின் திருமண வீடியோவும் எந்தச் சிக்கலும் இன்றி ஓடுகின்றன.

கடைக்காரர் தொலைக்காட்சியில்தான் குறை என்கிறார். தொலைக்காட்சி பழுது பார்ப்பவர் பிளேயரை மாற்றச் சொல்கிறார். இருவருக்கும் நடுவில் நான்கு முறை பேருந்தில் போய் வந்துவிட்டேன். குறை எங்கே இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாலக்கோடு மாணவன்

அம்மா, பிளேயரை விட்டுவிட்டு மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள். மண்டலத்தை மாற்றவா என்று கேட்கும். ஆம் என்று கொடுத்தால் போதும். நான் என் மாமாவின் வட்டுகளுக்கு அப்படித்தான் செய்தேன்.

ஓசூர் சர்க்யூட்

அம்மா, மேலே தம்பி சொன்னதை இப்போதைக்குச் செய்ய வேண்டாம். காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓசூரில் இத்தகைய கருவிகளைப் பழுது பார்த்து வருபவன். நீங்கள் விவரித்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது: உங்களிடம் இருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். அவற்றை ஒன்றாக எண்ணியதால்தான் கடைக்காரரும் தொலைக்காட்சிக்காரரும் உங்களை மாறி மாறி அலைய வைத்திருக்கிறார்கள்.

முதலாவது மண்டலக் குறியீடு, கடைகளில் நாம் ரீஜன் கோடு என்று சொல்வது. 1996 இன் இறுதியில் ஜப்பானிலும் 1997 இல் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தபோதே, படத் தயாரிப்பு நிறுவனங்களின் வற்புறுத்தலால் உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவும் கனடாவும் 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா ஆகியவை 2. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, தென்கொரியா, ஹாங்காங் போன்றவை 3. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், அவற்றோடு மெக்சிகோவும் தென்னமெரிக்க நாடுகளும் 4. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. ஏழாம் எண் ஒதுக்கி வைக்கப்பட்டது. எட்டாவது விமானங்களுக்கும் பயணக் கப்பல்களுக்கும் உரியது. வட்டின் உறையில் பின்பக்கம் சிறிய உலக உருண்டைக்குள் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் மகள் கொண்டு வந்தவற்றில் அது 1 என்று இருக்கும். உங்கள் பிளேயர் 5 என்று பூட்டப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கிறது.

இந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. வட்டின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு கோப்பில், எட்டு மண்டலங்களுக்கும் எட்டுத் துகள்கள் (பிட்கள், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய இடங்கள்) உண்டு. அவை அனுமதிச் சீட்டுகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை தடைகள். எந்தத் துகளில் 1 எழுதப்பட்டுள்ளதோ அந்த மண்டலம் தடுக்கப்பட்டது. பிளேயர் தன் எண்ணுக்குரிய துகளைப் படித்து, தடை இருந்தால் நின்றுவிடுகிறது. எட்டிலும் தடை இல்லாவிட்டால் அந்த வட்டு எங்கும் ஓடும். அதைத்தான் ரீஜன் 0 என்கிறோம். பூச்சியம் என்று ஒரு மண்டலம் கிடையாது. திருமண வீடியோக்காரர் எரித்துக் கொடுக்கும் வட்டில் எந்தத் தடையும் எழுதப்படுவதில்லை, ஆகவே அது எல்லா இடத்திலும் ஓடுகிறது.

சிங்கப்பூர் வட்டுகள் ஓடியதற்கும் காரணம் இதுவே. ஒரு தமிழ்ப் பட டிவிடி யாழ்ப்பாணத்துக்குப் போனால் மண்டலம் 5, கோலாலம்பூருக்குப் போனால் 3, லண்டனுக்கும் டர்பனுக்கும் 2, டொராண்டோவுக்கு 1, சிட்னிக்கு 4. வாங்குபவர்கள் இப்படி ஐந்து மண்டலங்களில் சிதறிக் கிடக்கும்போது, பூட்டுப் போட்டால் விற்பவருக்குத்தான் நட்டம். அதனால் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வந்த தமிழ் வட்டுகளில் பெரும்பாலானவற்றில் தடைகள் இருக்காது.

ஆனால் அவை ஏன் நிறமில்லாமல் உருளுகின்றன என்பதற்கு மண்டலம் பொறுப்பாகாது. அது இரண்டாவது சிக்கல். இந்தியத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது: ஒரு நொடிக்கு 25 படங்கள், டிவிடியில் 576 வரிகள். அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி (NTSC) முறை: ஏறத்தாழ 30 படங்கள், 480 வரிகள். வெளிநாட்டுச் சந்தைக்கான தமிழ் வட்டுகள் பல என்டிஎஸ்சி முறையிலேயே தயாரிக்கப்பட்டன. உங்கள் பழைய பெட்டித் தொலைக்காட்சி நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸில் தேடுகிறது. அந்த வட்டு ஓடும்போது பிளேயர் நிறத்தை 3.58 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது. தேடும் இடத்தில் நிறம் இல்லாததால் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. நொடிக்கு 50 முறை வரைய வேண்டிய திரைக்கு 60 முறை வரும்படி கட்டளை போவதால் படம் உருளுகிறது. பிளேயரின் அமைப்புப் பக்கத்தில் தொலைக்காட்சி வகை என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றோ 'மல்டி' என்றோ இருந்தால், அதைப் 'பால்' என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான இந்தியப் பிளேயர்கள் அப்போது படத்தைத் தாமே மாற்றி அனுப்பும். தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. அவை இரண்டு முறைகளையும் ஏற்கும்.

மண்டலத் தடையை நீக்கும் வழி, பிளேயரின் மாடலைப் பொறுத்தது. மாடல் எண் பின்பக்க ஒட்டியில் இருக்கும்; அதை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

காவேரிப்பட்டணம் மண்டிக்காரர்

ஓசூர் நண்பர் விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆசிரியை அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். இந்தத் தலைவலிக்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு பிளேயரைக் கொண்டு வரச் சொல்லலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடும். எனக்கும் ஒருகாலத்தில் வந்தது. என் அக்கா மகன் அங்கிருந்து கொண்டு வந்த பிளேயரை, பின் மாற்றும் அடாப்டரை மட்டும் போட்டு நம் வீட்டுச் சுவரில் செருகினோம். அது 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது, நம் வீட்டிலோ 230. கதை அரை நிமிடத்தில் முடிந்தது. வீடு முழுவதும் கருகல் வாசனை. பின்பக்கம் 100–240 என்று எழுதியிருந்தால் மட்டும் தைரியமாகச் செருகலாம். பின்னை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது என்பதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஓசூர் சர்க்யூட்

மண்டிக்காரர் ஐயா சொன்னது மிகச் சரி. அதோடு இன்னொன்று: அமெரிக்கச் சந்தைக்கான பிளேயர்கள் பலவும் பால் முறை வட்டுகளை ஓட்டவே ஓட்டா. ஆகவே அம்மாவின் தருமபுரி வட்டுகள் அதில் நின்றுபோயிருக்கும். அதற்கு மாறாக, பால் நாடுகளுக்கான பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். இந்தியப் பிளேயரின் பூட்டைத் திறப்பதே எளிய வழி.

இனி மடிக்கணினி விஷயம். பாலக்கோடு தம்பி, நீங்கள் இதுவரை எத்தனை முறை 'ஆம்' கொடுத்தீர்கள்?

பாலக்கோடு மாணவன்

அண்ணா, எண்ணவில்லை. மாமாவின் வட்டு போடும்போது ஒரு முறை, நம் ஊர் வட்டு போடும்போது ஒரு முறை என்று மாற்றிக்கொண்டிருந்தேன். ஏன் கேட்கிறீர்கள்?

ஓசூர் சர்க்யூட்

2000 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு தயாரிக்கப்பட்ட கணினி டிவிடி டிரைவ்களில், மண்டலக் காவல் டிரைவின் உள்ளேயே வைக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த வகைக்கு ஆர்பிசி-2 என்று பெயர். அதில் பயனர் மண்டலத்தை ஐந்து முறைதான் அமைக்க முடியும். ஐந்தாவது முறை எந்த மண்டலத்தில் நிற்கிறீர்களோ அதிலேயே டிரைவ் பூட்டிக்கொள்ளும். எண்ணிக்கை டிரைவுக்குள் எழுதப்படுவதால், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினாலும், டிரைவைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தச் செய்திப்பெட்டியில் இன்னும் எத்தனை வாய்ப்பு மீதமிருக்கிறது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை வாசிக்காமல் 'ஆம்' கொடுத்துவிட்டு என் கடைக்கு வந்தவர்கள் ஏராளம்.

விஎல்சி போன்ற மென்பொருள்கள் மண்டலத்தைக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் டிரைவ் ஒத்துழைக்க மறுத்தால், வட்டில் மறையாக்கம் செய்து வைத்திருக்கும் படத்தைத் திறக்கும் சாவியை அவையே கணக்கிட்டுக் கண்டுபிடிக்க முயல வேண்டும். சில டிரைவ்களில் அது பலிக்கும், சிலவற்றில் தரவையே தராமல் டிரைவ் அடம்பிடிக்கும். அதை நம்பி யாருக்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரி வாசகர்

இவ்வளவும் வாசித்தபின் எனக்குத் தோன்றுவது, இது வாங்குபவரின் மீது இழைக்கப்படும் அநீதி என்பதுதான். காசு கொடுத்து வாங்கிய வட்டு, காசு கொடுத்து வாங்கிய பிளேயர், இரண்டும் அசல். ஆனாலும் பார்க்கக் கூடாதாம். சென்னையில் வாங்கிய புத்தகத்தைக் கிருஷ்ணகிரியில் திறந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது அச்சிட்டால் நாம் சும்மா இருப்போமா?

2009 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஒபாமா, பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடித் தொகுப்பைப் பரிசளித்தார். அவை மண்டலம் 1க்கு உரியவை என்பதால் பிரிட்டனில் ஓடவில்லை என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன. நாடாளும் தலைவர்களுக்கே இந்தக் கதி என்றால் அரூர் ஆசிரியைக்கு என்ன வழி?

தேன்கனிக்கோட்டை ரசிகர்

ஐயாவின் கோபம் நியாயமானதே, ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு ஹாலிவுட் படம் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் வெளியாவதில்லை. பிலிம் பிரிண்டுகள் விலை அதிகம். அமெரிக்காவில் ஓடி முடிந்த பிரிண்டே பிறகு வேறு நாடுகளுக்குப் போகும். அங்கு டிவிடி வந்துவிட்ட நாளில் இங்கு படம் திரையரங்குக்கே வந்திராது. அந்த டிவிடி இங்கு எளிதாக ஓடினால் திரையரங்கு உரிமை வாங்கியவர் என்ன செய்வார்? நம் ஊரில் பண்டிகைக்கு வரும் படத்தின் ஏரியா உரிமையை வாங்கிய விநியோகஸ்தர், அடுத்த மாவட்டத்தில் திருட்டு வட்டு வந்தால் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அதை ஒப்புக்கொண்டாலும் ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் அதே பூட்டைப் போட்டார்கள். அதற்கு எந்தத் திரையரங்கு காத்திருந்தது? நாட்டுக்கு நாடு வேறு வேறு விலை வைத்து விற்பதே உண்மையான நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தியாவில் 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டிவிடி விற்றது நினைவிருக்கும். ஒரு டாலருக்கும் குறைவான அந்த விலையில் அமெரிக்காவில் யாரும் அசல் வட்டு விற்றிருக்க மாட்டார்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்

விலை விஷயத்தில் உடன்படுகிறேன். ஆஸ்திரேலியாவில் 2006 இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையை நாடுவாரியாகப் பிரிப்பதற்கான பூட்டுகளைச் சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். அங்கு மண்டலப் பூட்டில்லாத பிளேயர் வாங்குவது இயல்பான விஷயம். நம் நாட்டில் நிலை என்ன? ஆசிரியை அம்மா தம் பிளேயரின் பூட்டைத் திறப்பது குற்றமாகிவிடாதே?

ஓசூர் சர்க்யூட்

நான் வழக்கறிஞன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் வழியாகச் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. நோக்கம் என்ற அந்தச் சொல்தான் முக்கியம். அசல் வட்டை வீட்டில் போட்டு நாடகம் பார்ப்பதும், அதை நகலெடுத்துச் சந்தையில் விற்பதும் ஒன்றாகா. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் ஆல் ரீஜன் என்று எழுதிய பிளேயர்கள் பல ஆண்டுகளாக வெளிப்படையாகவே விற்கப்பட்டன.

அம்மா, உங்கள் மாடல் எண் கிடைத்தது. அதற்குரிய வழியைத் தனிமடலில் எழுதியிருக்கிறேன். பிறருக்காகப் பொதுவாகச் சொல்கிறேன்: பல பிளேயர்களில் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரிமோட்டில் அமைப்புப் பக்கத்துக்குப் போய், தொழிற்சாலை வைத்த ஓர் எண் வரிசையை அழுத்தினால் மறைந்திருக்கும் மண்டல மெனு தெரியும். அந்த வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடும். சில மாடல்களில் ரிமோட் வழி கிடையாது. மென்பொருளை வட்டில் எரித்து ஏற்ற வேண்டும். வேறொரு மாடலின் மென்பொருளைத் தவறி ஏற்றிவிட்டால் பிளேயர் மீண்டும் உயிர் பெறாது. ஆகவே ரிமோட் வழி இல்லாத பிளேயருக்கு நான் செலவு செய்யச் சொல்வதில்லை.

அரூர் ஆசிரியை

இரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஓசூர் தம்பி சொன்னபடி எண்களை அழுத்தியதும் மெனு தோன்றியது. அதில் 0 என்று வைத்தேன். பதின்மூன்று வட்டுகள் ஓடுகின்றன. நேற்று இரவு இரண்டு மணி வரை ஒரு நாடகத்தைப் பார்த்தேன்; வகுப்பில் முப்பது ஆண்டுகள் வாசித்துக் காட்டிய வரிகளை நடிகர்கள் பேசக் கேட்டது தனி அனுபவம்.

தொலைக்காட்சி வகையைப் பால் என்று மாற்றியதும் சிங்கப்பூர் வட்டுகளின் உருளல் நின்று, நிறமும் வந்துவிட்டது. இதற்காகவா நான்கு முறை தருமபுரிக்குப் போனேன் என்று என் மீதே சிரிப்பு வந்தது.

ஒரே ஒரு வட்டு மட்டும், 2001 இல் வெளியானது என்று உறையில் உள்ளது, முரண்டு பிடிக்கிறது. அதைப் போட்டால் உலக வரைபடம் ஒன்று தோன்றி, இந்த வட்டை ஓட்ட உங்கள் பிளேயர் பொருந்தாது என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதி அப்படியே நிற்கிறது. தடையில்லாத பிளேயரிலும் தடை வருமா?

ஓசூர் சர்க்யூட்

வரும், அம்மா. ஆல் ரீஜன் பிளேயர்கள் பரவிவிட்டதைப் பார்த்த சில நிறுவனங்கள், குறிப்பாக வார்னரும் கொலம்பியா டிரைஸ்டாரும், 2000 வாக்கில் ஆர்சிஇ என்ற கூடுதல் சோதனையைத் தங்கள் மண்டலம் 1 வட்டுகள் சிலவற்றில் சேர்த்தன. வழக்கமான பூட்டில் பிளேயர்தான் வட்டைச் சோதிக்கிறது. இதில் வட்டு பிளேயரைச் சோதிக்கிறது. வட்டில் உள்ள ஒரு சிறு கட்டளை, 'நீ எந்த மண்டலம்?' என்று பிளேயரின் நினைவில் பதிந்துள்ள எண்ணை எடுத்துப் பார்க்கும். உங்கள் பிளேயர் 0 என்கிறது. அப்படி ஒரு மண்டலம் இல்லை என்பது வட்டுக்குத் தெரியும். உடனே வரைபடத்தைக் காட்டிவிடுகிறது.

மறைந்திருக்கும் அதே மெனுவுக்குப் போய், 0 என்பதற்குப் பதிலாக 1 என்று வைத்து அந்த வட்டைப் போடுங்கள். பார்த்து முடித்ததும் மீண்டும் 0 வைத்துக்கொள்ளலாம். கணினி டிரைவைப் போல இதில் ஐந்து முறை என்ற எல்லை உங்கள் மாடலில் கிடையாது. எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக நடிக்கும் பிளேயர், வட்டைப் பார்த்துத் தானே எண்ணை மாற்றிக்கொள்ளும் பிளேயர், நாம் கையால் மாற்ற வேண்டிய பிளேயர் என மூன்று வகை உண்டு. கடையில் எல்லாவற்றுக்கும் ஆல் ரீஜன் என்ற ஒரே பெயர்தான். கையால் மாற்றும் வசதி உள்ளதே இத்தகைய வட்டுகளுக்கு நம்பகமானது.

மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். புளூ-ரே என்று எழுதியதை வாங்க வேண்டாம். அதற்கு நீல ஊதா லேசர் வேண்டும், உங்கள் பிளேயரில் இருப்பது சிவப்பு லேசர். மண்டலத்தைத் திறந்தாலும் அது ஓடாது. அதன் மண்டலங்களும் வேறு: ஏ, பி, சி என மூன்று, அமெரிக்கா ஏ, இந்தியா சி.

அரூர் ஆசிரியை

1 என்று வைத்ததும் ஓடிவிட்டது. எண் வரிசையை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பிளேயரின் அடியில் ஒட்டியிருக்கிறேன். உதவிய அனைவருக்கும் நன்றி. ஓசூர் தம்பி, மாம்பழப் பருவத்தில் இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வர வேண்டும்.

பாலக்கோடு மாணவன்

ஓசூர் அண்ணா, நீங்கள் சொன்னபின் என் மடிக்கணினியில் பார்த்தேன். மீதம் ஒன்று என்று காட்டுகிறது; டிரைவ் இப்போது மண்டலம் 1 இல் நிற்கிறது. மாமா இன்னும் எட்டு வட்டுகளோடு அடுத்த மாதம் வருகிறார். என்ன செய்யட்டும்?

ஓசூர் சர்க்யூட்

அந்த ஒன்றைத் தொடாதீர்கள் தம்பி. டிரைவ் 1 இலேயே இருக்கட்டும். மாமாவின் வட்டுகளுக்கு அதுவே போதும். நம் ஊர் வட்டுகளுக்காக யூஎஸ்பியில் செருகும் பழைய வெளி டிரைவ் ஒன்றை வாங்கி, அதை 5 இல் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் அதன் மீத எண்ணிக்கையைக் கடையிலேயே செருகிப் பாருங்கள்.